முந்தியில் முடிஞ்ச மஞ்சள்

ருவான்வெல்லை,
12.5.1968

அண்ணனுக்குத் தங்கம்மா கும்பிட்டு எழுதுறது. நானும் அவரும் புஷ்பமும் நோய் நொடியில்லாம இருக்கோம். நீங்க, மதினி, மருமகன் குமாரவேலு எல்லாரும் எப்படி இருக்கீங்க? முதல்ல மதினி சுகத்தை எழுதுங்க, மத்ததெல்லாம் பொறகு.

உங்க விலாசத்தைப் பாத்துட்டு தபால்கார மாத்தயா சிரிக்கிறாரு. மோரே, மணிப்பூர். இது இந்தியாவா சீனாவாம்மான்னு கேக்குறாரு. எங்க கடைக்குச் சாமான் வாங்க வந்த ஸ்கூல் மாஸ்டர்கிட்ட கேட்டேன். அவரு படப் புத்தகத்தை விரிச்சு வெரலை வச்சுத் தேடி, இந்தியாவோட கடைசி மூலையில, பர்மாவை ஒட்டி ஒரு எடத்தைக் காட்டினாரு. அங்க பேரு கூடப் போடல. பர்மாவுல இருந்து கப்பலேறி மதராஸ்ல இறங்கின மனுசன், நம்ம சிவகங்கைச் சீமைக்குப் போய்ச் சேராம, திரும்பவும் அந்தக் காட்டு மூலையில போயி எதுக்குக் கிடக்கீங்க? புத்தி கெட்டுப் போச்சா அண்ணே?

இங்க ஊரே ஒரு பேச்சுத்தான். பிரஜா உரிமை கேட்டு இந்தியாவுக்கு எழுதுறதா இலங்கைக்கு எழுதுறதா. எழுபதாம் வருசம் சித்திரை முடியிற வரைக்கும் தவணையாம். நானும் அவரும் இன்னைக்குத் தேதியில எந்த நாட்டு ஆளும் இல்ல. அவரு பொறந்தது இந்த ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுல. இந்தியாவைக் கண்ணால பாத்தது என்னைக் கட்ட வந்தப்ப மட்டும்தான். "உங்கண்ணன் ஒருக்கா நாடு மாறிப் பட்டவரு. அவரைக் கேட்டு எழுது"ங்கிறாரு.

இன்னொண்ணு. புஷ்பவதிக்கு இருபது முடிஞ்சிருச்சு. மாமன் மகன் இருக்கையில வெளியில மாப்பிள்ளை தேட நான் என்ன கூறு கெட்டவளா? நீங்க பொண்ணு கேட்டா நாங்க இந்தியாவுக்கு எழுதிட்டு உங்க பக்கத்துக்கே வந்துடுறோம். ஒரு வார்த்தை எழுதுங்க.

தங்கச்சி,
தங்கம்மா

---

மோரே,
20.7.1968

தங்கச்சி தங்கம்மாளுக்கு அண்ணன் ராஜதுரை எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் குறை ஒன்றும் இல்லை. மச்சான் முத்துவீரனும் மருமகள் புஷ்பவதியும் நன்றாக இருக்க வேண்டும்.

ஊரைப் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன். ரயில் திமாப்பூரோடு நின்றுவிடும். அங்கிருந்து லாரியில் இம்பால். இம்பாலிலிருந்து பல்லேல் வரை தரை, அதற்கப்புறம் மலை. தெங்நௌபாலில் மேகம் லாரிக்குள்ளேயே வரும். பிறகு இறக்கம். இறங்கி முடிகிற இடம்தான் மோரே. அதைத் தாண்டி ஒரு சின்ன ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் பர்மா. மூன்று மைலில் தமு என்கிற ஊர்.

மணிப்பூர்க்காரர்கள், மலையில் குக்கி சனங்கள், நேபாளிகள், சர்தார்ஜி இரண்டு பேர், நம் ஆட்கள். நம் ஆட்கள் எல்லாம் என்னைப் போல பர்மாவுக்கே திரும்பிப் போகலாம் என்று நடந்து வந்து, விடமாட்டேன் என்று அந்தப் பக்கத்துக்காரன் சொன்னதும் இங்கேயே உட்கார்ந்தவர்கள். மூங்கில் வீடு, தகரக் கூரை. அங்காளம்மனுக்கு ஒரு கொட்டகை போட்டிருக்கிறோம். குமாரவேலு மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்கிறான்.

வாரத்துக்கு ஒரு நாள் ஓடைக்கரையில் சந்தை கூடும். மலைச் சனங்கள் மட்டும் இரண்டு பக்கமும் போகலாம், வரலாம். மற்றவர்கள் அவரவர் கரையில் நிற்க வேண்டும். நான் ஒரு சந்தையையும் விடுவதில்லை.

இந்தியாவுக்கு எழுதுவது பற்றி மச்சானை அவசரப்படாமல் யோசிக்கச் சொல்.

அண்ணன்,
ராஜதுரை

---

ருவான்வெல்லை,
8.9.1968

அண்ணே, கும்பிடுறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. அவருக்குத்தான் முழங்கால் வலி, அது மழைக்கு வந்து வெயிலுக்குப் போயிரும்.

நான் மதினியைக் கேட்டா நீங்க மலையைச் சொல்றீங்க. கல்யாணத்தைக் கேட்டா சர்தார்ஜி எத்தனை பேருன்னு சொல்றீங்க. நல்ல ஆளு போங்க! மதினிக்கு என்மேல கோவமா? அவங்க அம்மா பர்மாக்காரின்னு அந்தக் காலத்துல நம்ம சனம் பேசின பேச்சுக்கு, நான் மட்டும் வாயைப் பொத்திக்கிட்டா இருந்தேன்? பேசினேன்தான். அதுக்காக இத்தனை வருசமா ரெண்டு வரி எழுதாம இருப்பாங்களா?

சேதி கேளுங்க. கஹவத்தை பஜார்ல துணிக்கடை வச்சிருக்கவுங்க புஷ்பத்தைக் கேட்டு வந்தாங்க. பையன் பேரு நடேசன். சிங்களம் தமிழ் ரெண்டும் தண்ணி பட்ட பாடு. முக்கியமா, அவுங்க குடும்பம் இலங்கைப் பிரஜை. சிங்களவங்க போயா லீவு அன்னைக்கு பஸ் ஏறி வந்து, தேத்தண்ணி குடிச்சிட்டு, "மாமன் சம்மதம் இருக்கா?"ன்னு முறையாக் கேட்டாங்க. அண்ணனைக் கேட்டுச் சொல்றோம்னு அனுப்பிட்டோம்.

புஷ்பம் கடைக் கணக்கு எழுதுற சாக்குல உள்ள உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. உங்களுக்கு வேணுமா வேணாமா? இதுல இருக்கு எங்க நாடு.

தங்கம்மா

---

மோரே,
14.1.1969

தங்கச்சிக்கு, தை பிறந்த நாளில் அண்ணன் எழுதுவது. பதில் தாமதமாகிவிட்டது. மலையில் மண் சரிந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது. இங்கே பனி. காலையில் எதிர்வீடு தெரியாது. மச்சானின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கவும்.

இந்த ரோடு எனக்குப் புதிது இல்லை தங்கம்மா. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து நடந்தவர்களில் நானும் ஒருவன். அப்போது இந்த மோரேயில் நாலு குடிசை கூட இல்லை. ஆட்கள் வழி நெடுக விழுந்தார்கள், எடுத்துப் போட ஆள் இல்லை. சண்டை முடிந்து திரும்பவும் பர்மாவுக்குப் போனேன். இப்போது இங்கே நிற்கிறேன். ஒரே ரோட்டில் ஒரு மனிதன் எத்தனை தரம் நடப்பது!

இங்கே வயசாளிகள் ஒரு கதை சொல்வார்கள். எதிரே தெரிகிற கபோ பள்ளத்தாக்கு முன்பு மணிப்பூர் ராஜாவுடையதாம். வெள்ளைக்காரன் அதை பர்மாவுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, ராஜாவுக்கு மாசாமாசம் நஷ்ட ஈடு கொடுத்தானாம். பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். கேட்டதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

கஹவத்தைப் பையனைப் பற்றி எழுதியிருந்தாய். நல்ல இடமாகத் தெரிகிறது. முறையை நான் மறக்கவில்லை. கொஞ்சம் பொறு.

அண்ணன்,
ராஜதுரை

---

ருவான்வெல்லை,
3.6.1969

அண்ணே, தங்கம்மா எழுதுறேன். சுகத்துக்குக் குறைச்சல் இல்ல. மனசுதான் எரியுது.

கொஞ்சம் பொறுன்னா எம்புட்டு? கஹவத்தைக்காரவுங்க ரெண்டு தரம் ஆளனுப்பிட்டாங்க. பக்கத்துக் கடை வெள்ளையம்மா குடும்பம் இலங்கைக்கு எழுதிருச்சு. லயத்துல பாதிப் பேரு இந்தியாவுக்கு எழுதிட்டாங்க. நாங்க மட்டும் மதில் மேல பூனையா உக்காந்திருக்கோம். "உங்கண்ணன் என்ன, பரீட்சைக்கா படிக்கிறாரு?"ன்னு இவரு என்னைக் குத்துறாரு.

சரி, வாயால சொல்ல உங்களுக்குச் சங்கடம்னா விடுங்க. நம்ம குடும்பத்து வழக்கம் எதுக்கு இருக்கு? பொண்ணு வேணும்னா மாமன் சீலை முந்தியில மஞ்சள் முடிஞ்சு அனுப்பணும். வேணாம்னா முடிச்சில்லாத சீலையைப் பாக்கோட அனுப்பி விட்டுக்குடுக்கணும். நம்ம அம்மாவைப் பெரிய மாமன் அப்படி வெறுஞ்சீலை அனுப்பித்தான அப்பாவுக்கு விட்டுக்குடுத்தாரு? அதுக்காக யாரும் யாரோடயும் சண்டை போடல. நீங்களும் ஒரு சீலை அனுப்புங்க. ஒரு எழுத்து எழுத வேணாம். சீலையைப் பாத்து நான் தெரிஞ்சிக்கிறேன்.

மதினியைக் கேட்டு அலுத்துப் போச்சு. இருந்தாலும் கேக்குறேன், சுகமா?

தங்கம்மா

---

மோரே,
10.11.1969

தங்கச்சிக்கு. எல்லோரும் நலமாயிருக்க அங்காளம்மனைக் கும்பிடுகிறேன். இங்கே கடை வைத்திருக்கும் கபூர் பாய் மதராசுக்குப் போகிறார். அவர் கையில் சீலையும் கொட்டைப்பாக்கும் கொடுத்திருக்கிறேன். தலைமன்னார் கப்பலுக்கு வருகிற ஆளிடம் சேர்த்துவிடுவார். நீ சொன்னபடியே செய்திருக்கிறேன். மருமகள் எங்கே இருந்தாலும் தீர்க்க சுமங்கலியாக வாழட்டும். என்னை மனத்தில் வைத்துக்கொள்ளாதே.

அண்ணன்

---

ருவான்வெல்லை,
15.2.1970

என் சாமி அண்ணே! நல்லா இருப்பீங்க, நூறு வருசம் நல்லா இருப்பீங்க!

சீலை வந்து சேந்துச்சு. கத்திரி தேடப் பொறுமையில்லாம கட்டைப் பல்லால கடிச்சுப் பிரிச்சேன். அவரு கடைச் சாமானை எடை போடுற மாதிரி பாவனை பண்ணிக்கிட்டு எட்டிப் பாக்குறாரு. விரிச்சேன். முந்தியில முடிச்சு! அவிழ்த்தா மஞ்சள்! அதுவும் எப்படி, பச்சை மஞ்சளு, வர்ற வழியிலயே முளை விட்டிருக்கு. காய்ஞ்ச விரலி மஞ்சள்தான முடியணும், ஆம்பளைக்கு அதெல்லாம் எங்க தெரியும்னு சிரிச்சேன். ஆனா முளைவிட்ட மஞ்சள் எம்புட்டுப் பெரிய சகுனம்! "என்னை மனத்தில் வைத்துக்கொள்ளாதே"ன்னு எழுதினது தாமதிச்சதுக்குத்தான்னு நினைச்சுக்கிட்டேன். அதெல்லாம் மறந்தாச்சு.

அன்னைக்கே கஹவத்தைக்கு ஆளனுப்பி, மாமன் மஞ்சள் அனுப்பிட்டாருன்னு சொல்லிட்டோம். நடேசன் அப்பா நல்ல மனுசன், "முறைன்னா முறைதான்"னு சொல்லி அனுப்புனாரு. மறுவாரமே இவரு எனக்கும் தனக்கும் சேத்து இந்தியாவுக்கு எழுதிப் போட்டுட்டாரு. புஷ்பத்துக்கு இருபத்தொண்ணு தாண்டினதால அவளுக்குத் தனியா ஃபாரமாம். அவ இன்னும் கையெழுத்துப் போடல. கேட்டா முகத்தைத் திருப்பிக்கிறா. கல்யாணப் பொண்ணுக்கு வெக்கம் வராம யாருக்கு வரும்? மஞ்சளைக் கொண்டுபோயி கடைக்குப் பின்னால நட்டு வச்சிருக்கா.

மதினிகிட்ட சொல்லுங்க, சம்பந்தி ஆனப்புறமும் என்கூடப் பேசாம இருக்க முடியாது. அந்த மலைய, அந்த ஓடைய எல்லாம் நாங்களும் வந்து பாக்குறோம்.

உங்க சம்பந்தி,
தங்கம்மா

---

மோரே,
2.4.1970

அத்தைக்கும் மாமாவுக்கும் குமாரவேலு வணக்கம். உங்க சுகத்தைக் கேட்டு எழுத வேண்டியது, ஆனா முதல்ல மன்னிப்புத்தான் கேக்கணும்.

உங்க கடுதாசியை அப்பா வாசிச்சிட்டு அப்படியே என்கிட்ட நீட்டிட்டாரு. அதுல இருந்து சரியாச் சாப்பிடல. எழுதச் சொன்னா பேனாவை எடுத்து வச்சிட்டு உக்காந்திருக்காரு. அதனால நான் எழுதுறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகிருச்சு அத்தை. அறுபத்தெட்டு கடைசியில. பொண்ணு இந்த ஊரு மணிப்பூர்க்காரி, பேரு தோம்பி. சந்தையில அவங்க அம்மா மஞ்சள் இஞ்சி வியாபாரம். நாங்களே விரும்பிக் கட்டிக்கிட்டோம். அப்பா தடுக்கல. ஆனா நம்ம சனத்துக்கு எழுத அவருக்குத் தைரியம் வரல. "என்னைப் பேசினது பத்தாதா, இப்ப என் மகனையும் பேசணுமா?"ன்னு சொல்வாரு. நீங்க சீலை வழக்கத்தை எழுதினதும் அவருக்கு உயிரே வந்துச்சு. முடிச்சில்லாத சீலை அனுப்பிட்டா போதும், ஒண்ணும் எழுத வேணாம்னு இம்பால் போயி சீலை எடுத்து வந்தாரு.

பொட்டலம் கட்டினது தோம்பி. ரெண்டு ஆம்பளையும் மடிச்ச மடிப்பைப் பாத்துச் சிரிச்சிட்டு அவ வாங்கி மடிச்சா. அத்தை வீட்டுக்கு நான் என்ன அனுப்புறதுன்னு யோசிச்சு, அவங்க தோட்டத்து மஞ்சள்ல ஒரு நல்ல வெதைக் கிழங்கை எடுத்து, விழுந்துறக் கூடாதுன்னு முந்தியில முடிஞ்சு வச்சிருக்கா. நட்டுக்கட்டும்னு. எங்ககிட்டச் சொல்லவும் இல்ல, நாங்க பிரிச்சுப் பாக்கவும் இல்ல. விசயம் தெரிஞ்சு அவ அழுத அழுகைய என்னால பாக்க முடியல. அவமேல ஒரு தப்பும் இல்ல அத்தை.

வீட்டுல அம்மா இருந்திருந்தா இது நடந்திருக்குமா? அம்மா இங்க இல்ல. அப்பா உங்களுக்குச் சொல்லாத இன்னொண்ணு அதுதான். அம்மாச்சி பர்மாக்காரிங்கிறதால அம்மாவுக்கு அந்த நாட்டுப் பிரஜைக் கார்டு. எங்களைக் கப்பலேத்துறப்ப அம்மாவை விடல. ரெண்டு மாசத்துல வந்துடுறேன்னாங்க. வர முடியல. அதுக்குத்தான் அப்பா மதராஸ்ல நிக்காம என்னை இழுத்துக்கிட்டு இந்த வழியா நடந்தாரு. இங்க மறிச்சிட்டாங்க. சேதி தெரிஞ்சு அம்மா ரங்கூன்ல இருந்து தமுவுக்கு வந்து பலகாரம் சுட்டு விக்கிறாங்க. சந்தை அன்னைக்கு அந்தக் கரையில அம்மா, இந்தக் கரையில அப்பா. காவக்காரன் நல்லவனா இருந்தா நடு ஓடை வரைக்கும் விடுவான்.

ஃபாரத்தை நிறுத்த முடிஞ்சா நிறுத்துங்க.

மருமகன்,
குமாரவேலு

---

ருவான்வெல்லை,
20.5.1970

அண்ணனுக்குத் தங்கம்மா. உயிரோட இருக்கோம்.

மருமகன் கடுதாசி வந்து சேர்றதுக்குள்ள தவணை முடிஞ்சிருச்சு. இவரு கேகாலை சர்க்கார் கச்சேரிக்குப் போயிக் கேட்டாரு. போனது போனதுதான்னுட்டாங்க. வந்ததுல இருந்து கடையில உக்காந்து கேக்குறவனுக்குச் சீனிக்குப் பதிலா உப்பு நிறுத்துக் குடுக்குறாரு. நாங்க ரெண்டு பேரும் இந்தியாவுக்குப் போகணும். கூப்பிடுறப்போ போகணும்.

உங்களைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். கிழிச்சுப் போட்டுட்டேன். மனுசன் மாதிரி ஒரு வரி எழுதியிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பீங்க? "மகனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு"ன்னு ஒரே வரி! நான் கத்தியிருப்பேன், நாலு நாளு அழுதிருப்பேன், பொறகு கஹவத்தைக்குச் சரின்னு சொல்லியிருப்பேன்.

புஷ்பம் இந்தியாவுக்குக் கையெழுத்துப் போடல. வெக்கம்னு நினைச்சேனே, வெக்கமாவது மண்ணாவது. தவணை முடியிறதுக்கு முன்னால அப்பா முன்னாலயே உக்காந்து இலங்கைக்கு எழுதினா. "மாமா மூணு கடுதாசியில மலையை எழுதினாரு, ஓடையை எழுதினாரு. அத்தையைப் பத்தி ஒரு எழுத்து இல்ல, என்னைக் கேக்கவும் இல்ல. அந்த வீட்டை நம்பி நான் எப்படிம்மா போறது?"ன்னா. அவளை அடிக்கக் கையை ஓங்கினேன். நல்லவேளை அடிக்கல.

போன வாரம் போயா. நடேசன் தனியா பஸ் ஏறி வந்தான். புஷ்பம்தான் சொல்லி அனுப்பியிருக்கா. "மாமன் விட்டுக்குடுத்துட்டாருன்னு கேள்விப்பட்டேன், இப்ப நான் கேக்கலாமா?"ன்னான். குடுத்துட்டோம். குடுத்தா அவ இங்க, நாங்க அங்க. தெரிஞ்சுதான் குடுத்தோம்.

மதினியைத் திட்டினதுக்கெல்லாம் சேத்து ஒண்ணு கேக்குறேன். நீங்க ஓடைக்குப் போறப்போ நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க. தோம்பிகிட்ட அழ வேணாம்னு சொல்லுங்க. மஞ்சள் நல்லா வந்திருக்கு.

தங்கம்மா

---

மோரே,
28.7.1970

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. உடம்பு தேறிவிட்டது.

உன் கடிதத்தைச் சந்தைக்கு எடுத்துக்கொண்டு போனேன். இந்தக் கரையில் நின்று உன் மதினி மீனாம்பாளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தேன். தண்ணீர் இரைச்சலில் பாதி கேட்கவில்லை, திரும்ப வாசித்தேன். சந்தையே வேடிக்கை பார்த்தது. காவல்காரன் தமிழ் தெரியாமலே சிரித்தான். அவள் அந்தப் பக்கத்திலிருந்து, "ஒரு சீலை மடிக்கத் துப்பில்லாத ரெண்டு ஆம்பளைக கையில என் நாத்தனாரு குடும்பத்தை விட்டுட்டேனே" என்று கத்தினாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இருந்ததும் இல்லையாம்.

கேட்டதற்கெல்லாம் ஊரைப் பற்றி எழுதினேன் தங்கம்மா. மற்றதை எழுத எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் இந்தியாவுக்கு வந்தால் இங்கே வாருங்கள். கடை பாதி உங்களுக்கு. தோம்பி இப்போதே ஓர் அறையை மெழுகி வைத்திருக்கிறாள்.

அண்ணன்,
ராஜதுரை

---

மண்டபம்,
9.10.1973

அண்ணனுக்கும், ஓடைக்கு அந்தப் பக்கம் மதினிக்கும் தங்கம்மா எழுதுறது. நாங்க வந்து சேந்துட்டோம். கப்பல்ல இவருக்கு வாந்தி, மத்தபடி சுகம். குமாரவேலு, தோம்பி, பேரப்புள்ள எல்லாரும் சுகமா?

புஷ்பம் கல்யாணத்துல நீங்க அனுப்புன சீலையைத்தான் உடுத்தினா. மாமன் சீலைதான முதல்ல. இப்ப அவ வாயும் வயிறுமா இருக்கா. தலைமன்னார் வரைக்கும் வந்து வழியனுப்பினாங்க. கப்பல் நகர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். பொறகு முடியல அண்ணே. ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குப் போறதுன்னா என்னமோ பெரிய தூரம்னு நினைச்சிருந்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள்ள இந்தக் கரைக்கு வந்துட்டோம். இம்புட்டுக் கிட்டத்துல இருந்துக்கிட்டுப் போக முடியாதுங்கிறதுதான் தாங்க முடியல.

இங்க முகாம்ல எங்களுக்கு நீலகிரின்னு எழுதியிருக்காங்க. நல்ல எடம், மலை, குளிர், இலங்கை மலைத்தோட்டம் மாதிரியே இருக்கும்னாங்க. நீங்களும் மோரேக்கு வரச் சொல்லி எழுதியிருக்கீங்க. தோம்பி மெழுகி வச்ச அறையை நினைச்சா எனக்குக் கண்ணு கலங்குது. ஆனா நாங்க ரெண்டு எடத்துக்கும் வரல.

ஸ்டேஷன் பக்கத்துல ஒரு தேத்தண்ணிக் கடை போட்டிருக்கோம். ராமேஸ்வரம் கப்பல்ல இறங்குற ஆளுக எல்லாம் இந்த ரயில்லதான் போகணும். ரயில் நின்னதும் நான் பெட்டி பெட்டியாப் போயி, "ருவான்வெல்லைப் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா, கஹவத்தை யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு கேப்பேன். போன வாரம் கஹவத்தைக்காரர் ஒருத்தர் இறங்கினாரு. புஷ்பம் குடுத்துவிட்ட பொட்டலம் வச்சிருந்தாரு. பழைய துணியில முடிஞ்ச ஒரு மஞ்சள் கிழங்கு. கடைக்குப் பின்னால நட்டிருக்கேன். மணல் மண்ணு, வருமோ வராதோ. இவரு காலையில எந்திரிச்சதும் முதல் வேலையா அதுக்குத்தான் தண்ணி ஊத்துறாரு.

அதிகாரிக வந்து, கடனுதவி மலைப்பக்கம் போனாத்தான் கிடைக்கும், இந்தக் கடலோரத்துல எதுக்குக் கிடக்கீங்கன்னு கேக்குறாங்க. முன்ன நான் உங்களைக் கேட்ட அதே கேள்வி. நானும் உங்களைப் போலவே, பாம்பன் பாலத்தைப் பத்தியும் காத்தைப் பத்தியும் மீன் விலையைப் பத்தியும் சொல்லிச் சமாளிச்சு அனுப்புறேன்.

கேட்டதுக்கு மன்னிச்சுக்குங்க அண்ணே. இனி கேக்க மாட்டேன்.

விலாசம் மேல எழுதியிருக்கேன். இது மாறாது.

தங்கச்சி,
தங்கம்மா